யாரும் கேட்காத ஏப்ரல் பூ

எங்கள் தோட்டத்தில் சித்திரை மாதத்தில் பிறந்தவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. அந்த மாதத்தில் ஆடு குட்டி போடும், கோழி குஞ்சு பொரிக்கும், மனிதர்கள் மட்டும் பிறக்கமாட்டார்கள். பங்குனியில் ஏழெட்டுப் பிள்ளைகள், வைகாசியில் அதைவிடக் கூடுதல், நடுவில் ஒரு மாதம் துணியால் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். சித்திரையில் பிறக்கிற பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது, அதிலும் தகப்பனுக்கு ஆகவே ஆகாது என்பது அங்கே எல்லாரும் நம்பிய விஷயம். அதனால்தான் புதிதாகக் கல்யாணமான பெண்ணை ஆடி மாதம் முழுவதும் தாய்வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். ஆடியில் புருஷனும் பெண்சாதியும் பிரிந்திருந்தால் சித்திரையில் தொட்டில் கட்ட வேண்டியிராது. அதையும் மீறி ஒன்று பிறந்துவிட்டால் கமுக்கமாகப் பங்குனி என்றோ வைகாசி என்றோ சொல்லிவிடுவார்கள். பிறப்பை நகர்த்த முடியாது, மாதத்தை நகர்த்தலாம் அல்லவா?

இந்த ஏற்பாடு எதுவும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பெண்சாதி துரைசானிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஏப்ரல் மாதத்துக்கென்று அத்தனை தொட்டி வெள்ளைப் பூவை வளர்த்திருக்கமாட்டார். என் அம்மாவும் இன்னும் கொஞ்ச காலம் தலையில் பூவோடு இருந்திருப்பாள்.

அது மலாயாவில் கம்யூனிஸ்ட் காலம், அவர்கள் காட்டுக்குள்ளிருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட சமயம். கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களை, அதாவது நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளை, சுற்றி முள்கம்பி வேலி போட்டு ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காட்டுக்குள் ஒளிந்திருப்பவர்களுக்கு யாரும் ஒரு பிடி அரிசிகூடக் கொண்டுபோய்விடாதபடி காலையும் மாலையும் அந்த கேட்டில் சோதனை நடக்கும். கொழுந்து எடுக்கப் போகிற பெண்களின் கூடையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பார்கள். சோதனைக்கென்றே வைத்திருந்த ஒரு மலாய்க்காரப் பெண் எங்கள் அம்மாக்களின் கொண்டையைக்கூட அமுக்கிப் பார்ப்பாள். துரை பங்களாவைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கியிருந்தது. துப்பாக்கிக்காரர்கள் துணைக்கு வராமல் துரைசானி தானா ராத்தாவுக்குக் கடைக்குக்கூடப் போகமுடியாது. நாங்கள் முள்கம்பிக்குள் அடைந்து கிடந்தோம், அவர் மணல் மூட்டைக்குள் அடைந்து கிடந்தார். நாங்கள் சண்டை போட்டுப் பொழுதைக் கழித்தோம், அவர் பூச்செடி வளர்த்தார்.

அவர் ஊரில் பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு பூ உண்டாம். எந்த மாதத்தில் பிறக்கிறோமோ அந்த மாதத்துப் பூ நமக்குச் சொந்தம். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு குணம், ஒரு கதை. நமக்கு ராசியும் நட்சத்திரமும் இருக்கிற மாதிரி அவர்களுக்குப் பூ என்று எங்கள் வாத்தியார் விளக்கினார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் அவரவர் மாதத்துப் பூவைத் தொட்டியோடு கொடுப்பது என்று துரைசானி முடிவுசெய்திருந்தார். பிறந்த மாதத்தை வீட்டில் கேட்டுக்கொண்டு வரச் சொல்லி வாத்தியார் எங்களை அனுப்பினார். அவர் நிம்மதி அன்றோடு போயிற்று.

ஒருவன் தீமிதிக்கு மறுநாள் பிறந்தவன். ஒருத்தி ஜப்பான்காரன் போன சமயத்தில், நல்ல மழையில் பிறந்தவள். மாதம் தெரிந்தவர்களுக்கும் தமிழ் மாதம்தான் தெரியும். அது பாதி ஒரு இங்கிலீஷ் மாதத்திலும் பாதி இன்னொன்றிலுமாகக் கிடக்கும். வாத்தியார் காலண்டரை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் தமிழ் மாதம் எந்த இங்கிலீஷ் மாதத்தில் தொடங்குகிறதோ அந்த மாதத்துப் பூதான் என்று தீர்ப்புச் சொன்னார். ஆனிக்கு ஜூன், ஜூனுக்கு ரோஜா என்று தெரிந்ததும் வகுப்பில் பாதிப் பேர் ஒரே நாளில் ஆனி மாதத்துக்குக் குடிபோனார்கள். சித்திரைக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை.

நான் அம்மாவைக் கேட்டபோது அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே பங்குனி என்றாள். என்ன கிழமை என்று கேட்டேன். போய்த் தண்ணீர் பிடித்துவா என்றாள்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அப்பாவை நான் பார்த்ததே இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் ரோடு போடுவதற்குத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்களே, அதில் போனவர். அப்போது நான் அம்மா வயிற்றில் இருந்தேன். போனவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பவில்லை, ஆனால் யாரோ சிலர் திரும்பினார்கள். அந்தச் சிலர் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை வருஷம் கழித்து இன்னாருடைய மகன் வந்துவிட்டானாம் என்று எங்காவது ஒரு செய்தி கேட்கும், உடனே எல்லா வீட்டிலும் நம்பிக்கை மறுபடி முளைத்துவிடும். என்னைத் தாய்வீட்டில் பெற்றெடுத்த அம்மா, சண்டை முடிந்ததும் கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு மலைக்கே திரும்பி வந்ததும் அந்த நம்பிக்கையில்தான். அப்பா திரும்பினால் முதலில் இங்கேதான் தேடுவார் என்பாள். பொட்டு வைத்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமைதோறும் வாசலில் நின்ற செடியிலிருந்து சிவப்பு ரோஜா ஒன்றைப் பறித்துத் தலையில் வைத்துக்கொள்வாள். புருஷன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அவளிடம் இருந்த அத்தாட்சி அந்தப் பூ ஒன்றுதான்.

அடுத்த வீடு அத்தை வீடு. அப்பாவுக்கு அக்கா. அம்மாவை இந்த வீட்டில் குடிவைத்ததும், கங்காணியிடம் சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அத்தைதான். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம். தன் வீட்டில் என்ன கொதித்தாலும் எங்களுக்கு ஒரு கிண்ணம் வந்துவிடும். தம்பிக்காகச் செவ்வாய்க்கிழமைதோறும் மாடத்தில் விளக்கேற்றுவாள். தம்பியின் சட்டை ஒன்றைப் பெட்டியில் வைத்திருந்தாள். வெயில் அடிக்கிற நாளில் அதை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

பூக் கொடுக்கிற நாள் வந்தது. பள்ளிக்கூடம் வேலிக்கு வெளியே, ஃபேக்டரிக்குப் பக்கத்தில் இருந்தது. அன்று கொழுந்து நிறுத்து முடித்த பெண்கள் எல்லாரும் கூடையோடு அப்படியே வந்து சுவரோரமாக நின்றார்கள். வெள்ளிக்கிழமை என்பதால் அம்மா தலையில் ரோஜா இருந்தது. மேசைமேல் வரிசையாகத் தொட்டிகள். துரைசானி ஒவ்வொரு மாதமாகச் சொல்லுவார், அந்தப் பூவின் கதையைச் சொல்லுவார், வாத்தியார் தமிழில் சொல்லுவார், பிள்ளைகள் போய் வாங்கிக்கொள்வார்கள். ஜனவரிக்காரனுக்குக் கிடைத்த பூவைப் பார்த்து நாங்கள் வாயைப் பிளந்தோம். அடுத்தது பிப்ரவரி. அதற்கடுத்து மார்ச், அதாவது பங்குனி. நான் எழுந்து நின்றேன்.

மார்ச் மாதத்துப் பூ மஞ்சள் நிறம், மணி மாதிரித் தொங்கும் என்றெல்லாம் வாத்தியார் சொல்லியிருந்தார். அது கிழங்கிலிருந்து முளைக்கிற பூ. துரைசானி தன் ஊரிலிருந்து வரவழைத்த கிழங்குகள் எங்கள் மழையில் அழுகிப்போயினவாம். அதனால் பங்குனிப் பிள்ளைகளுக்கு மட்டும் அவர் கையாலேயே அந்தப் பூவைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தார். அழகாகத்தான் வரைந்திருந்தார். ஆனாலும் அத்தனை தொட்டிகளுக்கு நடுவில் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் வாய்விட்டே அழுதுவிட்டேன்.

அப்பா இல்லாத பிள்ளை அழுதால் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. அன்று அதைப் பார்த்தவர்களில் மாமாவும் ஒருவர்.

மாமா, அம்மாவின் தம்பி. கீழே தாப்பா பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு மலையிறங்குகிற லோரியில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்திருந்தது. அப்போது அவருக்கு மீசை முளைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ராணுவக் காவலோடு மற்ற லோரிகள் சேர்ந்து புறப்படக் காத்திருக்கிற நேரத்தில் எங்களைப் பார்க்க ஓடிவருவார். அன்றும் அப்படித்தான் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

துரைசானி ஏப்ரல் என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. வாத்தியார் சித்திரை என்றார். சுவரோரமாக நின்ற பெண்கள் தங்கள் கூடைகளைப் பார்த்துக்கொண்டார்கள். மேசையின் ஒரு பக்கம் முழுவதும் வெள்ளைப் பூத் தொட்டிகள் கேட்பாரற்று இருந்தன. சின்னப் பூ, நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெள்ளை இதழ்கள். டெய்சி என்று பெயர். இத்தனை பிள்ளைகளில் ஏப்ரலில் ஒன்றுகூடவா பிறக்கவில்லை என்று துரைசானி கேட்டார். வாத்தியார் கூரையைப் பார்த்தார். துரைசானி மறுபடி கேட்டார்.

"சார், எங்க அக்கா மக சித்திரைதான் சார்" என்றார் மாமா. "சித்ரா பௌர்ணமி அன்னிக்குப் பொறந்தா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கோயில்ல மரவள்ளிக் கஞ்சி ஊத்துனாங்க. அத வாங்கிக்கிட்டு ஓடியாந்தா, வீட்டுல இவ கத்திக்கிட்டு இருக்கா."

சொன்னதோடு விட்டிருக்கலாம். துரைசானியிடமும் மலாயில் ஏதோ சொல்லி, என்னைக் காட்டி, கட்டைவிரலை வேறு தூக்கிக் காட்டினார். துரைசானிக்கு ஒரே சந்தோஷம். தன் செடிகளுக்கு ஒருவழியாக ஆள் கிடைத்துவிட்டது. என்னை அருகில் கூப்பிட்டு மேசை அருகே நிறுத்தி, இருந்ததிலேயே நிறையப் பூத்திருந்த தொட்டியை என் கையில் கொடுத்தார். தோளில் கை போட்டுக்கொண்டு அந்தப் பூவின் கதையை மற்றப் பூக்களின் கதையைவிட நீளமாகவே சொன்னார்.

வாத்தியார் அதைத் தமிழில் சொன்னார். இந்தப் பூ வெயில் வந்தால் விரியும், வெயில் போனால் மூடிக்கொள்ளும். அதனால் அந்த ஊர் முன்னோர்கள் இதற்குப் பகலின் கண் என்று பெயர் வைத்தார்கள். அங்கே பிள்ளைகள் இதைக் காம்போடு பறித்து ஒன்றில் ஒன்றைக் கோத்து மாலையாகப் போட்டுக்கொள்வார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரைத் தேற்றுவதற்காக, செத்துப்போன குழந்தைகளே வானத்திலிருந்து தூவிய பூ என்றும் ஒரு கதை உண்டு. இதன் குணம் களங்கமில்லாத மனசு. இந்த மாதத்தில் பிறந்தவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள் என்று அர்த்தம். இதைச் சொல்லும்போது வாத்தியார் என்னைப் பார்க்காமல் என் அம்மாவைப் பார்த்தார்.

நான் அழுகையை மறந்துவிட்டேன். தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள், எனக்கு அது பெருமையாக இருந்தது. ரோஜாக்காரிகளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அம்மா முகம் வெளுத்திருந்ததையும், அத்தையின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்கள்மேல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். பார்த்தேனே ஒழிய என்னவென்று தெரியவில்லை. வெளியே லோரி ஹார்ன் அடித்தது. மாமா சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டு ஓடினார்.

வீடு திரும்பும்போது கேட்டில் காவல்காரன் எல்லாத் தொட்டியிலும் கம்பியைச் செருகிக் கிளறினான். மண்ணுக்கடியில் அரிசி ஒளித்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டுமே. என் செடி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. நான் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் நிற்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

அத்தைக்குத் தெரிந்த கணக்கைப் பிற்பாடு நானே போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆடி பிறப்பதற்கு முன்பே அம்மாவைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தது அத்தைதான். ஆடி முடிகிற சமயத்தில் அப்பாவைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்படியானால் நான் பங்குனிக்குள் பிறந்திருக்க வேண்டும். சித்ரா பௌர்ணமிக்குப் பிறந்தேன் என்றால், ஒன்று, அப்பா எனக்கு அப்பா இல்லை. அல்லது ஆடியில் போகக்கூடாத வீட்டுக்கு அப்பா போயிருக்கிறார். முதலாவது என்றால் அம்மா கெட்டுப்போனவள். இரண்டாவது என்றால் சித்திரையில் பிறந்து தகப்பனை விழுங்கியவள் நான்.

எங்கள் தோட்டத்தில் வழக்கு என்றால் யாரும் போலீஸுக்குப் போகமாட்டார்கள், சூடத்துக்குப் போவார்கள். கோழி காணாமல் போனாலும் சரி, வேறு என்ன ஆனாலும் சரி, மாரியம்மன் கோயில் வாசலில் சூடம் ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அதை அணைக்க வேண்டும். பிள்ளை சம்பந்தப்பட்டது என்றால் பிள்ளை தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டு அணைக்க வேண்டும். சொன்னது பொய்யானால், எந்தத் தலைமேல் கை இருந்ததோ அந்தத் தலைக்குத்தான் கேடு. இதற்குப் பயந்து பெரிய பெரிய வாயாடிகளெல்லாம் கோயில் வாசலில் திக்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம், ஊரடங்குச் சங்கு ஊதுவதற்கு முன்னால், அத்தை வந்து அம்மாவை வா என்றாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இன்னொரு கையில் தொட்டியை இடுக்கிக்கொண்டேன். யாராவது திருடிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். கோயில் லயத்துக் கடைசியில், வேலியை ஒட்டி இருந்தது. கங்காணி வந்திருந்தார், அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பகலில் என்னையே பார்த்தார்களே, அதே மாதிரி இப்போதும் பார்த்தார்கள். இந்தத் தடவை எனக்குப் பெருமையாக இல்லை. ஏன் என்று தெரியாமலே முகம் சுட்டது, பாவாடையை நனைத்துவிட்டு வகுப்பில் நிற்பதுபோல இருந்தது.

அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பழக்கம்தான். சூடத்தை ஏற்றிவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"இது யாரு புள்ள?"

அம்மா என் தலையில் கை வைத்தாள். "உங்க தம்பி புள்ளதான், அண்ணி. ஆடிக் கடைசியில அவரு அங்க வந்தாரு. ஒரு ராத்திரி இருந்தாரு" என்று சொல்லிச் சூடத்தை அணைத்தாள்.  பெண்கள் நடுவில் ஒரு மூச்சு எழும்பி அடங்கியது. யாரோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததுகூடக் கேட்டது.

அத்தை அழுதாள். தம்பி பிள்ளை என்பதில் அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நிம்மதிக்குப் பின்னாலேயே மற்றதும் வந்துவிட்டது. என்னைக் குனிந்து பார்த்தாள். அதற்கு முன்னால் எத்தனையோ முறை என்னைக் குளிப்பாட்டித் துவட்டிவிட்டவள், அன்று பார்த்ததுபோல ஒருநாளும் பார்த்ததில்லை.

"அவனா வந்தான்னா, இதுதான் அவன இழுத்திருக்கு" என்றாள். "பொறக்குறதுக்கு முன்னாலயே அப்பன இழுத்துருச்சு."

மறுபடி சூடம் ஏற்றச் சொன்னது அம்மாதான். கங்காணி ஏற்றினார். அம்மா என் தலையிலிருந்து கையை எடுத்தாள். எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அவரா வரல. நான்தான் ஆள் விட்டுக் கூப்பிட்டேன். ஆடின்னு சொல்லி மாட்டேன்னுதான் சொல்லியிருக்காரு. எனக்குப் பொறுக்கல. கெஞ்சி வர வச்சேன். பாவமெல்லாம் என்னோடது. புள்ளைக்கு இதுல ஒன்னுமில்ல."

சூடம் அணைந்தது.  கங்காணி, சத்தியம் ஆகிவிட்டது, இனிமேல் பிள்ளையைப் பற்றி எவரும் வாய் திறக்கக்கூடாது என்று சொன்னார். அத்தை மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியென்றால் தன் தம்பி இனி வரமாட்டான் என்று யாரிடமும் என்றில்லாமல் சொல்லிக்கொண்டாள். பிறகு தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள்.

"பூவ எடுத்துரு" என்றாள்.

அம்மா ரோஜாவை எடுத்துச் சூலத்தடியில் வைத்தாள். தாலியைப் பற்றி அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அம்மா தானாகவே அதை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாள். அதன் பிறகு அது வெளியே தெரிந்து நான் பார்த்ததில்லை. நான் கையிலிருந்த தொட்டியைப் பார்த்தேன். வெள்ளைப் பூக்கள் எல்லாம் மூடிக்கொண்டிருந்தன. வெயில் போனால் மூடும் என்று பகலில் சொன்னது மறந்துபோய், என் கை பட்டுத்தான் செத்துவிட்டன என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவை திறந்திருந்தன. ஒன்றைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். அம்மா வேலைக்குப் போகத் தலையில் துணி கட்டிக்கொண்டிருந்தாள். ரோஜாவைத்தானே எடுக்கச் சொன்னார்கள், இதை வைத்துக்கொள்ளலாம் என்று நீட்டினேன். அவள் அதை வாங்கி என் பின்னலில் செருகிவிட்டு வெளியே போய்விட்டாள். என் பூ அவளுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பின்னலிலிருந்து எடுத்து எறிந்தேன். வாசலில் சிவப்பு ரோஜா அதன்பின் செடியிலேயே பூத்து, செடியிலேயே உதிர்ந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை அத்தை வீட்டு மாடத்தில் விளக்கு எரியவில்லை.

கங்காணி சொன்னபடியே என்னைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். ஒரு மாசம் பொறுக்கமாட்டாதவள் என்று அவளுக்குப் பெயர் வந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஆம்பிளைகள்கூடச் சொல்லிச் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைக் கண்டால், ஒரு மாசம் ஒரு மாசம் என்று பாட்டாகவே பாடினார்கள். அம்மா எதைப் பொறுக்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. பசியாக இருக்கும் என்று நினைத்தேன். ஜப்பான்காரன் காலத்தில் எல்லாரும் பட்டினி கிடந்திருக்க, என் அம்மா மட்டும் பொறுக்காமல் எதையோ தின்றிருக்கிறாள். இப்படி நினைத்து நினைத்து, சோறு தின்னும்போதுகூட அவள் தட்டைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. குழாயடிக்கு அவள் போனால் நான் போகமாட்டேன். கேட்டில் மலாய்க்காரி அவளுடைய வெறும் கொண்டையை அமுக்கிப் பார்க்கும்போது வேறு யாருடைய பிள்ளையோபோல வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். அவள் ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதில்லை. சோதனை முடிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் வருகிறேனா என்று மட்டும் பார்ப்பாள்.

மாமா வருவதும் நின்றுபோயிற்று. என்ன நடந்தது என்று கேள்விப்பட்டிருப்பார். லோரி எங்கள் தோட்டத்து முக்கைத் தாண்டும்போது ஹார்ன் சத்தம் மட்டும் கேட்கும். அம்மா அந்த நேரத்தில் கையில் இருப்பதை விட்டுவிட்டு நிமிர்வாள், சத்தம் தேய்ந்ததும் மறுபடி குனிவாள்.

அந்த ஆடிச் சங்கதியை மாமா வாயால் நான் கேட்டது என் கல்யாணத்துக்குப் பிறகு. எனக்கும் முதல் ஆடி வந்தது. வேலி போய், சண்டை போய், சுதந்திரமும் வந்திருந்தது, ஆடி மட்டும் அப்படியே இருந்தது. புருஷன் வீட்டிலிருந்து என்னைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக, என் கல்யாணத்தோடு மறுபடி வரப்போக ஆரம்பித்த மாமா வந்திருந்தார். தானா ராத்தாவில் பஸ் நேரம் ஆகாததால் முஸ்லிம் கடை ஒன்றில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். நான் சும்மா ஒரு பேச்சுக்கு, ஒரு மாதம்தானே, என்னால் பொறுக்கமுடியும், அம்மாவைப்போல ஆள் விட்டுக் கூப்பிடமாட்டேன் என்று சிரித்தேன். பரிகாசமாகச் சொல்கிற அளவுக்கு அந்த வெட்கம் எனக்குப் பழகிப்போயிருந்தது. மாமா கிளாஸைக் கீழே வைத்தார்.

"உங்கப்பாவ யாரும் கூப்புடல. சயாமுக்குப் பிடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சு தானாத்தான் எறங்கி வந்தாரு, நல்ல மழையில. அக்கா கதவத் தொறக்கவே மாட்டேன்னுச்சு. ஆடி முடிஞ்சதும் வந்து கூட்டிக்கிட்டுப் போங்கன்னு உள்ளேருந்தே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அவரு நனைஞ்சுக்கிட்டே நின்னாரு. நான் அப்பச் சின்னப் பையன். பாவமா இருந்துச்சு. நான்தான் தொறந்துவிட்டேன்."

பஸ் வந்தது. மாமா என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். நான் ஏறி உட்கார்ந்து வழியெல்லாம் தேயிலையைப் பார்த்துக்கொண்டே போனேன். அம்மா இரண்டாவது முறை செய்தது பொய்ச் சத்தியம். பொய் சொல்லப்போகிறோம் என்று தெரிந்துதான் என் தலையிலிருந்து கையை எடுத்திருக்கிறாள். வீட்டுக்குப் போனதும் அவள் காலில் விழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். போனதும், பயணம் எப்படி என்று அவள் கேட்டாள், நன்றாக இருந்தது என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அன்றைக்குக் கோயில் வாசலில் இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. தலையில் அவள் கை இருந்த இடம் கதகதப்பாக இருந்தது, எடுத்ததும் மலைக்காற்று பட்டுச் சில்லென்று ஆயிற்று. தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அந்த இடத்தில் என் கையை நானே வைத்துக்கொண்டு நின்றேன். அத்தை சொன்னதை அம்மாவும் நம்பிவிட்டாள், என் தலை ஆகாத தலை, அதனால்தான் தொடமாட்டேன் என்று கையை எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.